சும்மாதானே இருக்கீங்க!

போன மாதம் மதுரையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பொன்மேனிப் பக்கம், மாடி வீடு. ஜன்னலோரம் நாற்காலி போட்டு நண்பரின் அம்மா குரோஷா பின்னிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தெட்டு. நாங்கள் எல்லாரும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.

மடியில் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ரோஜா. தட்டையான பூ இல்லை. இதழ் மேல் இதழாக எழும்பி நிற்கும் பூ. இந்தச் சதுரங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய போர்வையாக்குவார்கள். இங்கிலீஷில் இதற்கு ‘கிரானி ஸ்கொயர்’ என்று பெயர். பாட்டி சதுரம். பின்னுகிறவருக்கும் பேர்த்திகள் இருப்பதால் பெயர் பொருத்தம்தான்.

அப்போது போன் வந்தது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்துவிட்டு யாரோ ஒரு பெண்மணி. கட்டில் போர்வை ஒன்று வேண்டுமாம். ஸ்பீக்கரில் பேசியதால் எனக்கும் கேட்டது.

“ஆயிரத்து இருநூறு தரேன் ஆன்ட்டி. வெறும் நூல்தானே? நீங்களும் வீட்ல சும்மாதானே இருக்கீங்க!”

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிம்மா, பாத்துக் குடு” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்மணி மேல் மட்டுமில்லை. “சும்மாதானே” என்ற அந்த வார்த்தை மேல். அதனால் இந்த வாரம் அந்த ஒரு வார்த்தையோடுதான் சண்டை. உங்களோடும்தான். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. அத்தையிடமே கேட்டு, அங்கேயே ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது.

ஒரு சதுரம் எப்படி உருவாகிறது? ஆறு செயின் போட்டு ஒரு வளையம். அதைச் சுற்றி எட்டு வளைவு. ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு இதழ். எட்டு இதழ் முடிந்ததும் பூவைக் கவிழ்த்து, இதழ்களுக்குப் பின்னால் மறுபடி எட்டு வளைவு. அதில் முன்னதைவிடப் பெரிய எட்டு இதழ். பூ எழும்பி நிற்பதன் ரகசியம் இந்தப் பின்பக்க வளைவுதான். முன்னால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அப்புறம் நூலை மாற்றி, பச்சையில் ஒரு சுற்று. வட்டமாக இருப்பதைச் சதுரமாக்க, ஒரு வளைவு விட்டு ஒரு வளைவில் மூலை பிடிக்க வேண்டும். மூன்று டபிள், இரண்டு செயின், மூன்று டபிள். இப்படி நான்கு மூலை. ஒரு எண்ணம் தப்பினால் சதுரம் கோணிக்கொள்ளும். பிரித்துவிட்டு முதலிலிருந்து வரவேண்டியதுதான். கடைசியாகக் கரைக்கு வேறொரு நிறம்.

இதற்கு அத்தைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஐம்பது வருடம் பின்னிய கைக்கே முக்கால் மணி நேரம்.

சதுரத்தின் அளவு ஆறு அங்குலம். ஐந்தடிக்கு ஏழடிப் போர்வை என்றால் அகலத்தில் பத்து, நீளத்தில் பதினான்கு. மொத்தம் 140 சதுரம். 140 முக்கால் மணி என்றால் 105 மணி நேரம். சதுரங்களை இணைத்து, சுற்றிலும் கரை போட இன்னும் 15 மணி நேரம். ஆக 120. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் பதினைந்து முழு நாள் வேலை. ஒரு சதுரத்துக்கு மூன்று நிறம், ஆறு நூல் முனை. 140 சதுரத்துக்கு 840 முனைகள். ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பிரிந்து தொங்கும்.

சரி, கூலி என்ன போடலாம்? கலைஞருக்கான சன்மானமெல்லாம் வேண்டாம். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அதையே போடுவோம். பதினைந்து நாளைக்கு 5,040 ரூபாய். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நூல் பிடிக்கிறது. எழுகடல் தெருப் பக்கம் அத்தை வாங்கியது 1,600 ரூபாய்க்கு. மொத்தம் 6,640.

அந்தப் பெண்மணி தருவதாகச் சொன்னது 1,200. அதாவது நூல் விலைக்கே 400 ரூபாய் குறைகிறது. பதினைந்து நாள் உழைத்துவிட்டு, அதற்கு அத்தையே நானூறு ரூபாய் அபராதமும் கட்டவேண்டும். இதற்குப் பெயர் வியாபாரமா?

‘அவங்க ஆசைக்குப் பின்னுறாங்க, பொழுதுபோக்குதானே, அதுக்கு எதுக்குக் கூலி?’ என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். இளையராஜாவுக்கும் இசை என்றால் ஆசைதான். தோனி கிரிக்கெட்டை வெறுத்துக்கொண்டா ஆடினார்? அவர்களிடம் போய், ‘பிடிச்சுத்தானே செய்றீங்க, சும்மா செஞ்சு குடுங்க’ என்று யாராவது சொன்னதுண்டா? செய்கிற வேலையை நேசித்தால் கூலி கிடையாது என்கிற சட்டம் பெண்கள் கை வைக்கிற வேலைக்கு மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து, இது பொழுதுபோக்கு என்றால் அந்தப் பொழுது எங்கேயிருந்து வந்தது? 2024இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவழிப்பது சராசரியாக 289 நிமிடம். ஆண், 88 நிமிடம். அவர் ஏறத்தாழ ஐந்து மணி நேரம், நாம் ஒன்றரை மணி நேரம். இதில் மிச்சம் பிடித்த பொழுதில்தான் அத்தை ஊசியை எடுக்கிறார். குக்கர் விசில் எண்ணிக்கொண்டே செயினும் எண்ணுகிற வேலை அது.

‘மெஷின்ல செஞ்சது கடைல ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே’ என்பது இன்னொரு கேள்வி. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். ஸ்வெட்டர் பின்னுகிற நிட்டிங்குக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். குரோஷாவுக்கு அப்படி ஒன்று இன்றுவரை சந்தைக்கு வந்து கைவேலையின் இடத்தைப் பிடிக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் குரோஷா மாதிரி தெரிகிற துணியைத் தறியில் பின்னித் தள்ளுகிறார்கள். ஆனால் நிஜமான பாட்டி சதுரம், அதுவும் இதழ் எழும்பி நிற்கிற பூச் சதுரம் என்றால், யாரோ ஒருவர் கையில் கொக்கி ஊசியோடு உட்கார்ந்து பின்னியதுதான். ஷாப்பிங் மாலிலோ ஆன்லைனிலோ ஐந்நூறு ரூபாய்க்கு அசல் குரோஷா சட்டை கிடைத்தால், ‘ஆஹா, மலிவு’ என்று துள்ளாதீர்கள். எங்கோ ஒரு ஊரில் இன்னொரு அத்தையிடம் யாரோ ‘சும்மாதானே இருக்கீங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்த மலிவின் ரகசியம்.

எங்கோ ஒரு ஊர் என்ன, பக்கத்து ஆந்திராவிலேயே இருக்கிறது. கோதாவரிக் கரையில் நரசாபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலானது. 1970களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ந்தார். 1982இல் அது புத்தகமாக வந்தது. அவர் கண்டது என்ன? லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து வெளிநாட்டுச் சந்தைக்காகப் பின்னுகிறார்கள். வீட்டு வேலை போக, நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். சராசரி தினக்கூலி ஒரு ரூபாய்கூட இல்லை. நூல் கொடுத்து, லேஸ் வாங்கி, ஏற்றுமதி செய்து பணக்காரர்கள் ஆனவர்கள் ஆண்கள். இந்தப் பெண்கள் தொழிலாளிகள் பட்டியலில் இல்லை. ஏன்? அவர்கள் ‘இல்லத்தரசிகள்’. பின்னுவது ‘ஓய்வு நேர வேலை’.

அரசி என்று பட்டம் சூட்டிவிட்டால் சம்பளம் கேட்க முடியாது. எவ்வளவு சாமர்த்தியமான பட்டம் பாருங்கள்!

ஆனால் இந்த நூல் வேலைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அத்தையின் ரோஜா அயர்லாந்திலிருந்து வந்தது. 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னிகாஸ்திரீகளும் மற்றவர்களும் பெண்களுக்கு குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். எழும்பி நிற்கும் ரோஜாவும் இலையும் வைத்துப் பின்னிய ‘ஐரிஷ் லேஸ்’ பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. நம் நாகர்கோவிலில் அதற்கும் முன்னாலேயே, 1820களில், மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா இல்லை, தலையணை மேல் குண்டூசி குத்திப் பின்னுவது. அவருடைய மகள் எலைசாதான் பின்னாளில் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் அதே லேஸ் வேலையைத் தொடங்கியவர். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன.

யோசித்துப் பாருங்கள். கூலி ஒழுங்காக வந்தால் அதே ஊசி ஒரு பெண்ணுக்கு விடுதலை வாங்கித் தருகிறது. கூலி இல்லாவிட்டால் அதே ஊசி அவரை வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது. ஊசி மேல் தப்பே இல்லை.

‘இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம், மதுரையில யாருங்க கம்பளி போர்த்துறா?’ என்று கேட்கிறீர்களா? அப்படியானால் மதுரைச் சமாசாரத்துக்கே வருகிறேன்.

மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் எல்லாருக்கும் பெருமை. அசல் சுங்குடி என்பது துணியை நகநுனியில் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுப்பது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்ட முடிச்சுகள் அவை. இன்று கடையில் சுங்குடி என்று சொல்லித் தருவதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலும் பிரிண்ட்டிலும் வந்தது. முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. ஏன் தெரியுமா? பார்த்த வேலைக்கும் கிடைத்த கூலிக்கும் சம்பந்தமே இல்லாமல் போனதால், அம்மா முடிச்சுப் போட்டாள், மகள் போடவில்லை. அம்புட்டுதான். குறியீடு சேலைக்குக் கிடைத்தது. முடிச்சுப் போட்ட விரலுக்கு என்ன கிடைத்தது?

மல்லிகைப் பூவையும் பாருங்கள். 2013இல் அதற்கும் குறியீடு வாங்கிவிட்டோம். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது. பேப்பரில் செய்தி வருகிறது, டிவியில் வருகிறது. அந்தப் பூவை வாசல்படியில் உட்கார்ந்து சரம் சரமாகக் கட்டுகிற பெண்ணின் கூலி அன்றைக்கு எவ்வளவு ஏறியது என்று எந்த டிவியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நிஜப் பூவுக்கே இந்தக் கதி. நூல் பூவுக்கு யார் கேட்பார்?

இதெல்லாம் தனி மனிதர்கள் செய்கிற கஞ்சத்தனம் மட்டுமில்லை. அரசாங்கமே இந்தப் பாடத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண்களை ‘வேலை செய்யாதோர்’ என்று எழுதினார்கள். பிச்சை எடுப்பவர்கள், சிறைக் கைதிகள் ஆகியோரோடு ஒரே பட்டியல். 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே இதைப் பார்த்துக் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் கணவரால் சொத்து வாங்க முடிந்தது, அதனால் அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் செப்டம்பரில் தமிழக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, அதற்கு ‘உதவி’ என்று பெயர் வைக்கவில்லை. ‘உரிமைத் தொகை’ என்றது. தொகை போதுமா என்பது வேறு விவாதம். அந்த ஒரு வார்த்தை சரியான வார்த்தை.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களையும் தொழிலாளர்களாக மதிக்கச் சொல்லி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்துவிட்டது. 177ஆம் எண். இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. கொரோனாவுக்குப் பிறகு லேப்டாப் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவருக்கு ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்று மரியாதையான பெயர் கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டார், குழந்தையை அதட்டி வெளியே அனுப்பினார், சம்பளமும் வந்தது. ஊசி வைத்துக்கொண்டு அதே வீட்டில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பெயர் இல்லை. அவர் ‘சும்மா’ இருக்கிறார்.

பெண்கள் நினைத்தால் இந்த ‘சும்மா’ எவ்வளவு பெரிதாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னியதை எல்லாம் சென்னையில் சேர்த்து ஒரே போர்வையாக விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் ஏறியது. அப்புறம் பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். விருப்பப்பட்டு, தெரிந்தே தானம் செய்தார்கள். அதற்குக் கைதட்டுவோம். ஆனால் தானத்துக்கும் சுரண்டலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கொடுப்பது யார் என்று முடிவு செய்தவர் கொடுப்பவராகவே இருந்தால் அது தானம். வாங்குகிறவர் முடிவு செய்தால் அதற்கு வேறு பெயர்.

ஒரு பாவமன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் என் குழந்தை பிறந்தபோது, இதே அத்தையிடம், ‘சும்மா இருக்கும்போது பாப்பாவுக்கு ஒரு போர்வை பின்னிக் குடுங்களேன் அத்தே’ என்று நானும்தான் கேட்டேன். பின்னிக் கொடுத்தார். நூல் காசுகூட நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் போர்வை இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு முனைகூடப் பிரியவில்லை.

எனவே வாசகர்களே, மூன்றே மூன்று விஷயம்.

ஒன்று: கையால் செய்த பொருளை வாங்கப் போனால் ‘எவ்வளவு?’ என்பதற்கு முன்னால் ‘எத்தனை நாள் ஆச்சு?’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் பேரம் பேச உங்களுக்கே வாய் வராது. விலை கட்டுப்படியாகவில்லையா, மரியாதையாக ‘என்னால முடியாது’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதில் ஒன்றும் கேவலம் இல்லை.

இரண்டு: பின்னுகிற, கட்டுகிற, கோக்கிற அம்மாக்களே, அக்காக்களே! நேரத்தை எழுதி வையுங்கள். நூல் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விலை சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். ‘பாத்துக் குடு’ என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். உலகத்தில் யாரும் பார்த்துக் கொடுப்பதில்லை.

மூன்று: 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர், ‘அம்மா என்ன வேலை செய்றாங்க?’ என்று கேட்பார். ஹாலில் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளை பழக்க தோஷத்தில், ‘ஒண்ணுமில்ல சார், வீட்ல சும்மாதான் இருக்காங்க’ என்று சொல்லாதீர்கள். பின்னி விற்கிறார், பூ கட்டுகிறார், முறுக்கு சுற்றுகிறார், துணி தைக்கிறார் என்றால் அதைச் சொல்லுங்கள். வீட்டுத் தொழிலுக்கு 2011 படிவத்திலேயே தனி இடம் இருந்தது. அதை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அன்றைக்கு நான் அத்தையிடம் அந்தக் காலண்டர் தாளை நீட்டி, “திரும்பக் கூப்பிட்டு 6,640 ரூபாய்னு சொல்லுங்க” என்றேன். பாவம், சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பாக்கிறேன் ஆன்ட்டி” என்று போன் வைக்கப்பட்டது. அப்புறம் அந்தப் பெண்மணி கூப்பிடவே இல்லையாம்.

“போனாப் போகுது தம்பி, கண்ணும் வலிக்குது” என்றார் அத்தை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நியாயம் பேசியது நான். ஆயிரத்து இருநூறு ரூபாய் போனது அவருக்கு. அத்தை ஒருவர் மட்டும் விலை சொன்னால் இப்படித்தான் ஆகும். எல்லா அத்தைகளும் சொல்லவேண்டும், வாங்குகிற நாமும் அதைக் கேட்கவேண்டும்.

கிளம்பும்போது, காபி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அத்தை நூலை ஓரமாக வைத்துவிட்டு, அதை எடுத்துக் கழுவ உள்ளே போனார்.

வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.